இருபதில் ஓட்டியது

எண்ணூர்த் துறைமுகத்தில் என் வேலை
அடுத்தவர் கார்களைக் கப்பலில் ஏற்றுவது.
யார்டிலிருந்து ஆறாம் தளம், ஒன்றே கால் கிலோமீட்டர்.
வேக வரம்பு இருபது.
எந்தக் காரின் முள்ளும் முப்பதைத் தொட்டு
நான் பார்த்ததில்லை.
ஆகவே இந்த ஒப்பீட்டை
அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்று ராத்திரி மெல்பர்ன் போகிற கப்பல்.
வரிசை முழுக்கக் கறுப்பு செடான்.
ஐந்நூறு குதிரை என்கிறது கண்ணாடியில் ஒட்டிய தாள்.
நூறைத் தொட நாலு விநாடியாம்.
நாலு விநாடியில் நான்
செருப்புத் தூசியைத் தட்டி முடித்திருக்க மாட்டேன்.
கதவைத் தொட்டால் தரையில் வெளிச்சம் விரிக்கிறது
மாப்பிள்ளை அழைப்பு மாதிரி.
பெல்ட் போடு என்கிறது. கோட்டைத் தாண்டுகிறாய் என்கிறது.
உறுமலும் உண்டு. அது ஸ்பீக்கரில் வருவது என்று
குணபூஷணம்தான் சொன்னாள்,
ஸ்டிக்கர் ஒட்டுகிறவள்,
எல்லாக் காரின் காகிதத்தையும் படித்துவிடுகிறவள்.
ஏறும்போது மீட்டரில் ஆறு கிலோமீட்டர்.
இறங்கும்போது ஏழு.

வரிசையின் கடைசியில் அது நின்றது.
எழுபத்தொன்றாம் வருடத்து ஃபால்கன்.
மஞ்சள்; வெயில் நக்கிய மஞ்சள்.
யாரோ ஆசைப்பட்டு வரவழைத்து, கஸ்டம்ஸ் ஒப்பாமல்,
பதினோரு மாதம் திருவொற்றியூர் ஷெட்டில் கிடந்து
வந்த ஊருக்கே திரும்புகிறது.
பானெட்டின்மேல் எங்கள் அனல்மின் சாம்பல்.
கதவுக் கீலின் இடுக்கில் அவர்கள் ஊர்ச் செம்மண்.
வைப்பர் அடியில் காய்ந்த இலை ஒன்று.
கசக்கி மோந்தேன்: ஊட்டித் தைலம்.

ஸ்டியரிங் நம் பக்கம்தான். அது ஒரு ஆறுதல்.
மற்றதெல்லாம் சண்டை.
மூன்று மிதி, ஒரு திருகு. இருமியது.
மறுபடி மூன்று.
கிளட்சை அமுக்கிய தொடை
காசிமேட்டில் நங்கூரம் இழுத்ததுபோல் நடுங்கியது.
இருபதில் போ என்றால்
அதற்கு இருபது தெரியவில்லை.
மைலில் எழுதியிருக்கிறது.

சாய்தளத்தின் நடுவில் அணைந்தது.
கைபிரேக் பிடிக்கவில்லை.
ஒரு முழம் சரிந்தது, ரெண்டு முழம்.
பின்னால் வந்த வேனிலிருந்து ஆட்கள் குதித்தார்கள்.
வாக்கி டாக்கியில் தேசப்பன்
என் பெயரை விட்டுவிட்டு என் வம்சத்தைக் கூப்பிட்டார்.
இந்த வண்டியில் எச்சரிக்கை விளக்கு கிடையாது.
நான்தான் விளக்கு.

அடுத்து என் கால் செய்ததை
மூளையைக் கேட்டுச் செய்தது என்று சொல்ல மாட்டேன்.
திருகி, முழுக்க மிதித்தேன்.
எட்டு சிலிண்டரும் ஒன்றாக விழித்தன.
கப்பலின் இரும்பு அதை வாங்கித்
திருப்பி அடித்தது; பறைக்குள் இருந்தோம் நாங்கள்.
ஆறாம் தளத்தில் கட்டிவைத்த கறுப்புக் கார்கள்,
முதலில் ஒன்று, பிறகு நாலு, பிறகு அத்தனையும்
விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டி
திருடன் திருடன் என்று அலறின.

பிலிப்பினோ பையன்கள்
கையிலிருந்த பெல்ட்டைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.
எனக்கு அரை நாள் கூலி போயிற்று.

எதுப்பா நல்ல வண்டி, என்றாள் குணபூஷணம்.
ராத்திரி என் பிள்ளைக்கு வலிப்பு வந்தால்
ஸ்டான்லிக்குக் கறுப்பில்தான் போவேன்.
மஞ்சளை நம்பி
எர்ணாவூர் மேம்பாலம்கூட ஏற மாட்டேன்.
சரிதான் என்று அடுத்த ஸ்டிக்கரை உரித்தாள்.

அவளிடம் சொல்லாதது:
மஞ்சளின் கியர்க் குமிழில் ஒரு கீறல் உண்டு,
கட்டைவிரல் வந்து உட்காரும் இடத்தில்.
ஷேர் ஆட்டோவின் கம்பியைப் பிடிக்கையில்
இன்னமும்
அதைத் தேடுகிறது விரல்.