பதினோராவது பாட்டில் ஆமென் இல்லை

ஜீலண்ட், மிச்சிகன். தொண்ணூற்றேழு, மார்ச்.
சபையின் நிலவறையில், கொதிகலனுக்கும்
கிறிஸ்துமஸ் நாடகத்துக் காகித ஆடுகளுக்கும் நடுவே
மூன்று இரவுகளில் பதிவு செய்தோம்.
பதினொரு பாட்டு, இருபத்திரண்டு நிமிடம்.
எதிரொலி அடங்க, ஆடுகள்மேல் பழைய மெத்தை.

டெர்க் ஹூக்ஸெமா கத்தினான்.
பாடினான் என்று எழுதினால் அவனே சிரிப்பான்.
கிட்டார் மார்லின் தெர்ஹார். சாவி தந்தது அவள் அப்பா,
சபை மூப்பர்; காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு
படிக்கட்டில் சாண்ட்விச் தின்றபடி காவலிருந்தார்.
டிரம்ஸ் வெஸ் நைகாம்ப்.
பேஸ் நான்,
அதாவது யாருக்கும் கேட்காதவன்.

அந்த ஜனவரியில் வெஸ்ஸின் தம்பி
மக்கடாவா ஏரியில் பனிக்கட்டிக்குக் கீழே போனான்.
நாற்பது நிமிடம்.
சபை மொத்தமும் கரையில் முழங்காலிட்டிருந்தது.
அவனுடைய கையுறை ஒன்று மட்டும்
மேலே, ஓட்டைக்கு ஒரு முழம் தள்ளி,
நனையாமல் கிடந்தது.

கடைசிப் பாட்டு அவனுக்கு.
நீர் எங்கே இருந்தீர்.
வேறு வரி கிடையாது.
நிமிடத்துக்கு ஒன்றாக நாற்பது முறை என்று கணக்கு.
டெர்க்கின் தொண்டை கிழிந்து
கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது.
அப்புறம் டிரம் மட்டும். அப்புறம் அதுவும் இல்லை.
"ஆமென் வேண்டாமா?" என்றாள் மார்லின்.
வெஸ் குச்சிகளைப் பையில் போட்டு
ஜிப்பை இழுத்தான். அந்தச் சத்தமும் பதிவில் உண்டு.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.
கிராண்ட் ராப்பிட்ஸின் கிறிஸ்தவப் புத்தகக் கடை
முப்பது சிடியையும் அதே பெட்டியில் திருப்பியது.
உள்ளே ஒரு சீட்டு, மணி மணியான கையெழுத்து:
கடைசிப் பாட்டில் நம்பிக்கை இல்லை.
கலிபோர்னியாவின் இளைஞர் ஊழியப் பத்திரிகை
நட்சத்திரம் போடாது, மீன்தான் போடும்.
எங்களுக்கு ஐந்துக்கு இரண்டு மீன்.
"ஐந்தும் இருக்கிறது, இரண்டும் இருக்கிறது,
ஐயாயிரம் பேர்தான் வரவில்லை" என்றான் டெர்க்.
கிளீவ்லாண்டின் ஜெராக்ஸ் இதழ் ஒன்று
எங்களைப் போதகர்வீட்டுப் பிள்ளைகள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு
அடுத்த வரியில் கேட்டது: பேஸ் எங்கே?

டெட்ராய்ட் கிளப்பில் மொட்டைத் தலை ஒருவன்
ஒரு கையில் பீர்
சிலுவைபோல் கைகளை விரித்து மேடைக்கு நேராக நின்றான்,
முதல் பாட்டிலிருந்து. கூட்டம் சிரித்தது.
தோள் கடுத்திருக்கும்; இறக்கவில்லை.
பதினோராவது பாட்டின் நடுவில் இறக்கினான்.
அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளவா,
கை வலி என்று எடுத்துக்கொள்ளவா,
வேனில் ஊர் வந்து சேரும்வரை விவாதித்தோம்.
வெஸ் பேசவில்லை.

மே மாதம் அவன் அம்மா, திருமதி ஜெனட்,
ஒரு சிடி கேட்டு வாங்கினார்.
மளிகைக்கடை வாகன நிறுத்தத்தில்
கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பையில் பாலும் முட்டையும்,
காருக்குள்ளேயே கேட்டார்.
மறு ஞாயிறு, ஆராதனை முடிந்து
காப்பி மேசைக்குப் பக்கத்தில் என்னைத்தான் பிடித்தார்.
பிடித்ததா என்று எப்படிக் கேட்பது,
காகிதக் கோப்பையைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

"முப்பத்தேழுதான் இருக்கிறது," என்றார்.
"மூன்று தடவை எண்ணிவிட்டேன்."
பிறகு சர்க்கரையைக் கலக்கியபடி,
"மிச்சம் மூன்றை நான் போட்டுக்கொண்டேன்."

நாங்கள் கலைந்து இருபத்தாறு வருடம்.
நான் நாற்காலித் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன்;
விற்காத சிடிகள் கராஜில், பெயின்ட் டப்பாக்களுக்கு அடியில்.
போன வாரம் லைப்ஸிக்கிலிருந்து ஒரு பையன் எழுதினான்,
வினைலில் மறுபதிப்பு போடுகிறானாம்.
பேஸைத் தூக்கிவிடலாம், இப்போதெல்லாம் சுலபம்,
கடைசியில் குரல் அறுந்த இடங்களையும்
முன்னால் உள்ளதை வெட்டி ஒட்டி நிரப்பிவிடலாம் என்கிறான்.

பேஸை உன் இஷ்டம் என்று பதில் போட்டேன்.
அந்த மூன்றைத் தொடாதே,
அவற்றுக்கு ஆள் இருக்கிறது.