லாம்

பொருள் எண் பதினாறு.
குடிமக்கள் ஆலோசனைக் குழுக்கள் ஐந்து அமைப்பது குறித்து.
குடிநீர், கால்வாய், நடைபாதை வியாபாரம்,
குப்பை, விளையாட்டுத் திடல்.
பக்கத்து இருக்கை மொக்கச்சாமி அண்ணன்
தாளை மடித்து விசிறிக்கொள்கிறார்:
"நூறு பேர் பேசியே சாக்கடை நகரல,
இன்னும் அறுவத்தஞ்சு வாயா?"

சிரிக்கிறார்கள். நானும்தான்.
அவர் சொல்வதில் பொய்யில்லை.

எதிர்வரிசையில் கோவர்த்தனன் எழுகிறார்.
மக்கள் குரல் என்கிறார், மூன்று முறை.
மக்கள் மேலே, பார்வையாளர் மாடத்தில்
மின்விசிறி இல்லாத பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள்.
செல்லூரிலிருந்து வந்த ரஹ்மத் பேகம்
மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை வைத்திருக்கிறாள்.
உள்ளே இருப்பது எனக்குத் தெரியும்:
வீட்டுச் சுவரில் தண்ணீர் ஏறிய உயரம்,
தேதி போட்டு, பதினொரு மழைக்காலம்,
பென்சிலில்.

கவுன்சிலர் ஆவதற்கு முன்
நானும் ஒரு குழுவில் இருந்தேன்.
கழுத்தில் மாட்ட அட்டை தந்தார்கள்.
அதில் ஒரு கொம்பு விட்டுப்போய்
சேசுராணி, சசுராணி ஆகியிருந்தாள்.
இரண்டு கூட்டம். இரண்டிலும் சமோசா.
பாலத்துக்கடியில் குழாய் சிறுசு,
ஐப்பசியில் தண்ணீர் திரும்பி வரும் என்றேன்.
'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று எழுதினார்கள்,
அழகான கையெழுத்து.
மூன்றாம் கூட்டத்துக்கு அழைப்பு வரவில்லை.
ஐப்பசி வந்தது.

அதனால்தான் இன்று என் கை
மேசைமேல் கிடக்கிறது,
யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது மாதிரி.

வேண்டாம் என்றால்
அந்தப் பென்சில் கோடுகளை யார் படிப்பது?
பொறியாளருக்கு நிலமட்டம் தெரியும்.
எந்த வீட்டில் முதலில்
கட்டில்மேல் அடுப்பை ஏற்றுவார்கள் என்று தெரியாது.
சரி என்றால்
இன்னொரு சமோசா. இன்னொரு அழகான கையெழுத்து.
கேட்காதவனிடம் சொல்லிவிட்டு வருவதைவிட
கேட்பதுபோல் தலையாட்டுகிறவனிடம் சொல்லிவிட்டு வருவது
கூடுதல் களைப்பு.
படியிறங்கும்போது முழங்காலில் தெரியும்.

டீ வருகிறது. அந்த நேரத்தில்தான்
தீர்மானத்தை முதல் தடவையாகக்
கடைசிவரை படிக்கிறேன்.
பத்தி ஏழு:
குழுவின் ஆலோசனையை மாநகராட்சி பரிசீலிக்கலாம்.

லாம்.
ரெண்டே எழுத்து, என்ன அகலம்!
வைகையில் தண்ணீர் வரலாம்.
பட்டா கிடைக்கலாம்.
நாளைக்கு மதியத்துக்கு மேல் வந்து பார்க்கலாம்.
இந்த ஊரின் பாதி ஆயுசு
இதற்குள்தான் வரிசையில் நிற்கிறது,
செருப்பைக் கழற்றி இடம் போட்டுவிட்டு.

எழுந்தேன். மைக் ஒரு தரம் கிறீச்சிட்டது.
"அந்த லாமை எடுத்துட்டு 'வேண்டும்' போடுங்க.
முடியாதுன்னா ஏன் முடியாதுன்னு
முப்பது நாளுக்குள்ள எழுத்துல பதில் தரணும்.
அந்த வரி இருந்தா என் கை மேல.
இல்லன்னா இப்படியே கிடக்கும்."

மேயர் ஆணையரைப் பார்த்தார்.
ஆணையர் சட்ட அலுவலரைப் பார்த்தார்.
அவர் தன் டீயில் விழுந்த ஏதோ ஒன்றை
விரலால் எடுத்துக்கொண்டிருந்தார்.
"அடுத்த கூட்டத்தில்..." என்று யாரோ தொடங்க
"அதுவும் லாம்தான்" என்றது மாடத்திலிருந்து ஒரு குரல்.
அமைதி காக்கச் சொல்லி மணி அடித்தார்கள்.

"ஒரு வார்த்தைக்கா தாயி இம்புட்டு நேரம்?"
மொக்கச்சாமி அண்ணன் என் பக்கம் சாய்ந்தார்.
பிறகு, என்ன நினைத்தாரோ,
விசிறியைப் பிரித்து
தொடைமேல் வைத்து நீவினார்.
மடிப்பு சரியாகப் பத்தி ஏழின்மேல் விழுந்திருந்தது.

"திருத்தத்தை ஆதரிப்பவர்கள்" என்கிறார் மேயர்.

"கண்ணாடி கொண்டாரல" என்கிறார் அண்ணன்.
"எங்க இருக்கு அது?"

விரல் வைத்துக் காட்டினேன்.