சேதக் குறிப்பு

தணிக்கைக்கு வருகிறார்கள்.
பதிவேட்டில் எல்லா நூலுக்கும் நேரே
'நன்று' என்று எழுதியாயிற்று.
எண் 212, நண்டுகள், முப்பத்திரண்டு பக்கம்:
அதற்கு மட்டும் கட்டத்தில் இடம் போதவில்லை.
தனித்தாளில் எழுதி இணைக்கிறேன்.

அட்டையில் உப்புக்கறை.
கபிலேஷ் தூக்கிவந்த பெயின்ட் வாளி சிந்தியது.
அது அறிவியல் பாடவேளையா
வாசிப்புப் பாடவேளையா என்று கேட்காதீர்கள்.
நடுவில் மணி அடித்தது,
யாரும் புத்தகத்தை மூடவில்லை.

பக்கம் ஒன்பதின் ஓரம் கிழிந்திருப்பது
நண்டின் வேலை. சத்தியமாக.
சிலுவை நண்டின் படத்தை
அதன் முகத்துக்கு நேரே பிடித்து ஒப்பிட்டார்கள்.
வாளியில் இருந்ததோ முக்கண் நண்டு.
கோபம் வராதா?

போன வருடம் இதே பிள்ளைகள்
'கணுக்காலிக்கு எடுத்துக்காட்டு நண்டு' என்று
ஒரே குரலில் ஒப்பித்தார்கள்.
வாளி இல்லை. சந்தேகமும் இல்லை.

'நண்டுக்குப் பத்துக் கால்கள்', பக்கம் ஆறு.
அந்த வரியின் கீழே நாலு நிறக் கோடுகள்.
நாலு குழு எண்ணியது,
நாலு தடவையும் ஒன்பது.
புத்தகம் பொய் சொல்லுது என்றது ஒரு கட்சி.
அச்சுல வந்தது பொய்யாகுமா,
நண்டுதான் தப்பு என்றது இன்னொன்று.
என்னைப் பார்த்தார்கள்.
நான் பண்ருட்டிக்காரி,
பலாச்சுளை என்றால் பார்த்துச் சொல்லுவேன்.

கதைப் புத்தகத்துக்குத்தான் முதல் பக்கம் வாசல்,
இதில் கொல்லைப்புறமாகவும் நுழையலாம் என்று
அந்த வாரம்தான் சொல்லியிருந்தேன்.
சத்தமாக வாசி என்றால்
சட்டைப் பொத்தானைத் திருகுகிற ஜனப்பிரியா
கடைசித் தாளைத் திறந்து
'கா' வரிசையில் விரலை இறக்கினாள்.
கால், இழத்தல்: 14.
அங்கே ஒரு மைரேகை இருக்கும். அவளுடையது.

எழுத்துக் கூட்டித்தான் படித்தாள்.
இழ...ந்த கால்... ஓடு கழற்...றும்போது...
ஒருவரும் சிரிக்கவில்லை.
அடுத்த சொல் எல்லோருக்கும் வேண்டியிருந்தது.
...மீண்டும் வளரும்.

"ஓடு கழட்டுனா அது தண்ணி நண்டு, டீச்சர்.
ஏலத்துல பாதி வெலதான்."
இது கபிலேஷ். புத்தகத்தில் இல்லை.
ஓரத்தில் எழுதச் சொன்னது நான்.
தண்டத்தொகையை என் சம்பளத்தில் பிடியுங்கள்.

அதன் கீழே, வேறு கையெழுத்தில்,
'ற'வுக்கு 'ர' போட்டு:
மொளைக்கிரப்ப வலிக்குமா?
முப்பத்திரண்டு பக்கத்திலும் விடை இல்லை.
மாவட்ட மைய நூலகத்திலும் கேட்டாயிற்று.
பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள்.

பக்கம் இருபதும் இருபத்தொன்றும் ஒட்டியிருப்பது
சத்துணவு முட்டை.
அதில் அறிவியல் ஒன்றும் இல்லை.

நண்டு அன்று சாயங்காலமே
தேவனாம்பட்டினம் அலையில் இறங்கிவிட்டது,
ஒன்பது காலோடு. இருப்பில் சேராது.

மற்றபடி, எழுதியது பென்சிலில்தான்,
அழித்துவிடலாம்தான்.
ரப்பர் கேட்டுப் பார்த்தேன்.
முப்பத்தாறு பேரில்
ஒருவரிடமும் இல்லையாம்.