வேலிப் பெட்டி

முதல் நாள் விட்ஸ்கே ஒரு தாள் கொடுத்தாள்.
தொழுவத்துக் குழல்விளக்குகள் நாற்பத்தெட்டு, கழற்ற வேண்டும்.
பால் கறக்கும் எந்திரத்தின் மோட்டார், கழற்ற வேண்டும்.
மேய்ச்சல் நிலத்து மின்வேலி, அதையும்.
கடைசி வரி மட்டும் பென்சிலில்:
சத்தம் போடுகிற எல்லாம்.

எனக்குத் தொழில் மின்சாரம்.
எரிகிறதா, எரியவில்லையா,
இருபத்திரண்டு வருடம் இதுதான் கேள்வி.

ஃப்ரீஸ்லாந்தில் அது பிப்ரவரி.
வாய்க்கால் உறைவதா வேண்டாமா என்று
முடிவெடுக்காமல் கிடந்தது.
மாடுகளை விற்று இரண்டு வருடமாகியும்
தறிக்குத் தறி பெயர்ப்பலகை தொங்கியது.
ரிக்ஸ்த்யே பதினான்கு. யன்ட்யே ஒன்பது.
மாடு நின்ற இடத்தில் பிள்ளைகளா என்று
பால் சங்கத்தில் ஒருவர் கேட்டாராம்.
மாட்டிடம் யாரும்
என் கண்ணைப் பார்த்துப் பேசு என்று சொன்னதில்லையே,
என்றாளாம் இவள்.

சனிக்கிழமை, வேலை முடியுமுன்பே,
மூன்று பிள்ளைகள் இடம் பார்க்க வந்தார்கள்.

இட்ஸே வாசலோடு நின்றுவிட்டான்.
ஒன்பது வயதிருக்கும்.
உள்ளங்கைகளால் காதைப் பொத்திக்கொண்டு
முழங்கையால் மேலே காட்டினான்.
கடைசியிலிருந்து மூன்றாவது விளக்கு.
ஏணி போட்டு ஏறி
கன்னத்தைப் பட்டியில் ஒட்டிக் கேட்டேன்.
இருந்தது.
கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்ட ஈயின்
கடைசி அரைமணி நேரம் போல ஒரு முனகல்.
அந்த விளக்கை மாட்டியவனே நான்தான்.

ஃபார்டாவ் யாரையும் கேட்காமல் உள்ளே நடந்தாள்.
மாடுகள் முதுகு சொறிந்துகொள்ளும் பெரிய சுழல்தூரிகை,
சாய்ந்தால் தானே சுற்றும்,
அதன் மேல் போய்ச் சாய்ந்தாள், தடித்த கோட்டோடு.
அம்மா கத்திக்கொண்டு ஓடினாள்.
பிறகு நின்றாள்.
யார் தொட்டாலும் துடித்து விலகும் மகள்
கண்ணை மூடிக்கொண்டு
ஒரு பசுவின் பொறுமையோடு
முதுகைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.
திங்கட்கிழமை அதன் வேகத்தைக் குறைத்தேன்.
கூந்தல் சிக்காதபடி ஓர் உறை தைத்துப் போட்டாள் அம்மா.
தாளில் இது இல்லை.

மின்வேலியின் பெட்டி பின்சுவரில் இருந்தது.
மாடுகள் போன பிறகும் அதை அணைக்க
யாருக்கும் தோன்றவில்லை.
டிக். டிக்.
ஒரு நொடிக்கொரு அதிர்ச்சியை
வெறும் புல்லைச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது.
பிளக்கைப் பிடுங்கினேன்.

நிசப்தம்.
ஆனால் முழு நிசப்தமில்லை.

சுவரின் மறுபக்கம்
இட்ஸே தரையில் உட்கார்ந்திருந்தான்.
அடுத்த சனிக்கிழமையும் வந்திருக்கிறான், எனக்குத் தெரியாது.
அவன் அப்பா முற்றத்தில், காருக்குள்,
இரண்டு கையும் ஸ்டியரிங்கில்,
ஓட்டிக்கொண்டே இருப்பவர் போல.
பையனின் ஆள்காட்டி விரல்
பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது.
டிக். டிக்.
பெட்டி விட்ட இடத்திலிருந்து.

என்ன செய்வதென்று தெரியாமல்
ஒரு நிமிடம் நின்றேன்.
அறுபது தட்டு. பிசகில்லை.

வேலிக் கம்பிகளை அறுத்தேன், தரைக் கம்பியையும்.
போக இடமில்லாத பெட்டியை
மறுபடி பிளக்கில் செருகினேன்.
இப்போது அது யாரையும் சுடாது,
எதையும் காக்காது.
முதல் டிக் அவன் விரலுக்குச் சற்று முன்னே விழுந்தது.
விரல் நின்றது, ஒன்றை விட்டது,
அடுத்ததில் சேர்ந்துகொண்டது.
பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டான்.
என்னைப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் நான்தான் தலையைத் திருப்பியிருப்பேன்.

விட்ஸ்கே தாளோடு வந்தாள்.
இது சத்தம் போடுகிறதே, என்றாள்.
ஆமாம், என்றேன்.
அவளும் கொஞ்ச நேரம் கேட்டாள்.
தாளை மடித்துப் பையில் போட்டாள்.

அன்றிரவு தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன்.
விளக்கைப் போடவில்லை.
எங்கள் ஃப்ரிட்ஜ்
பதினோரு வருடமாக இப்படித்தான் முனகுகிறதாம்.
மனைவி சொன்னாள், தூக்கக் கலக்கத்தில்,
உனக்கு இப்போதுதான் கேட்கிறதா?