கலங்கல்

காணும் பொங்கலன்று எனக்கு டூட்டி.
சடைச்சி கண்மாய், மேலூர் உபகோட்டம்,
கரை நீளம் ஆயிரத்து இருநூற்று நாற்பது மீட்டர்,
மடை மூன்று, கலுங்கு ஒன்று.
பதிவேட்டில் இல்லாதவை:
புளிய மரத்தில் சேலை ஊஞ்சல்,
கரைமேல் விரித்த பிளாஸ்டிக் பாய்கள்,
லோடு ஆட்டோவில் வந்திறங்கிய ஏழு குடும்பம்,
அவர்கள் கூடவே ஒரு பாட்டுப் பெட்டி.

‘குளிப்பது ஆபத்து’ என்று நாங்கள் நட்ட பலகையில்
நாலு சட்டையும் ஒரு கைலியும் காய்கின்றன.
நடு மடைத் தூணிலிருந்து பையன்கள் குதிக்கிறார்கள்.
கத்தினேன்.
இன்னொரு தடவை குதித்தார்கள், எனக்காகவே,
தலைகீழாக.

எல்லாரும் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருக்க
நான் கரையின் முதுகுப் பக்கம் இறங்குகிறேன்.
சீமைக்கருவேலம் வெட்டிய தூர்,
நண்டு வளை, எலி தள்ளிய புதுமண்,
அப்புறம்
சுற்றிலும் காய்ந்த புல்லுக்கு நடுவே
ஒரு பாய் அகலத்துக்குப் பச்சை.

அந்தப் பச்சையில் ரிஸ்வான் உட்கார்ந்திருந்தான்.
ஏழு வயது, காஜிமார் தெரு, டவுசர் முழுக்கச் சேறு.
“ஊத்து கண்டுபிடிச்சேன்.”
விரல் தண்டிக்கு வந்த நீரை மறித்து
ஒரு சாண் உயரம் அணை கட்டியிருந்தான்,
ஐஸ்குச்சியில் மதகு.

பருத்திப்பால் வண்டிச் சோணைமுத்துவிடம்
கண்ணாடி கிளாஸ் ஒன்று கடன் வாங்கினேன்.
கழுவி, ஊற்றில் பிடித்து, வெயிலுக்கு உயர்த்தினால்
அழகர்மலை இடம்வலம் மாறித் தெரிந்தது.
தெளிவு.
தெளிந்து வந்தால் அது தண்ணீர்.
கலங்கி வந்தால்
வருவது கரை.

பதினொன்றரைக்கு ஒரு கிளாஸ்.
ஒன்றேகாலுக்கு ஒன்று, பிரியாணி வாசத்தோடு.
மூன்று மணிக்கு ரிஸ்வானே தேடி வந்தான்.
“அக்கா, என் அணை போச்சு.
மேல வழியல. அடியிலேயே போச்சு.”
நாலாவது கிளாசில் மலை இல்லை.

பாட்டுப் பெட்டியின் மைக்கை வாங்கி
இறங்குங்கள் என்றேன்.
கைதட்டினார்கள்.
கரை உடையலாம் என்றேன்.
பாயைச் சுருட்ட முதலில் எழுந்தது ரிஸ்வானின் அம்மா.
கிழக்கே பாறை மேட்டுக்கு எல்லாரையும் ஏற்ற
நாற்பது நிமிஷம்.
மூன்று மடையையும் திறந்ததும்
இரைச்சல் கேட்டுப் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள், செல்போனோடு.
பொன்னழகுவின் முக்கால் ஏக்கர் கதிர்
அறுப்புக்கு நின்றது. பிறகு படுத்தது.
அவர் பெயரை எழுதிக்கொண்டேன்.
என்ன கிடைக்கும் என்று அவர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

“களிமண்ண வச்சு அடைச்சிருவமா” என்றார்
சங்கத் தலைவர் வீரணன்.
அடைக்கக் கூடாது.
அடைத்தால் அது வேறு வாசல் தேடும்.
தண்ணீரைப் போகவிட்டு மண்ணை மட்டும்
மறித்துக்கொள்ள வேண்டும்:
அடியில் மணல், மேலே பொடி ஜல்லி, அதன்மேல் முக்கால் ஜல்லி.
“மணலுக்கு எங்கிட்டுப் போக?”
அவர் வீட்டு வாசலில் குவிந்திருப்பதை
வரும்போதே பார்த்திருந்தேன்.
“அது எம்மக வீட்டு மாடிக்கு” என்றார்.
கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார்.
டிராக்டரை அவரே ஓட்டி வந்தார்.

தலைகீழாகக் குதித்தவன் பெயர் பால்சாமி.
கூடை தூக்க வந்தான்.
மூன்றாவது கூடைக்கு அப்புறம் காணோம்.

ராத்திரி பத்தே முக்கால்.
கண்மாய் ஒன்றரை அடி இறங்கியிருந்தது.
மணல் மூடிய இடத்தில்
ரிஸ்வானின் அணை எங்கே என்று தெரியவில்லை.
செல்போன் வெளிச்சத்தில் கிளாஸைப் பிடித்தேன்.
மலை இருட்டில் இருந்தது. அதனால்
என் விரலை வைத்துப் பார்த்தேன்,
ரேகை தெரிந்தது.

பதிவேட்டில்: கசிவு உண்டு. தெளிவு.
நேரம் போடக் கட்டமில்லை, ஓரத்தில் போட்டேன்.

சோணைமுத்துவின் கிளாஸ்
இன்னும் என் ஸ்கூட்டி டிக்கியில் கிடக்கிறது.
பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம்
ஸ்பேனரில் பட்டுச் சத்தம் போடுகிறது.