சிவப்புக் கயிறு

கல்கிசை. காலை ஏழு மணி.
கிர்ர், கிர்ர்... பிறகு ஒன்றுமில்லை.
சம்பளம் கேட்டால் ரொஷேன் இருமுவது போல.

பெட்டரி நல்லம்.
பிளக் இரண்டையும் கழற்றினேன், ஈரம்.
கடல்தண்ணியோ என்று மோந்தேன்.
பெற்றோல்.
வந்து நனைச்சிருக்கு, நெருப்புத்தான் வரேல்ல.
மணலில் சாய்ந்த ஜெட் ஸ்கியின் வயிற்றுக்குள்
கையை விட்டுத் துழாவினேன்:
பொலித்தீன், பாசி, ஆரோ ஒருத்தியின் வளையல்.
அதுவும் காரணமில்லை.

பாணந்துறைக் கோச்சி போனது.
எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.
நான் பொத்தானைப் பார்த்தேன்.

சிவப்புக் கயிற்றின் கொளுக்கி
இருக்கவேண்டிய இடுக்கில்
நீலச் செருப்புத் துண்டு ஒன்று.
மார்கழியில் நான்தான் வெட்டிச் செருகினது,
அசல் கொளுக்கி கடலோடு போன அண்டைக்கு,
‘இண்டைக்கு மட்டும்’ என்று சொல்லி.
உப்பில் ஊறி மெலிஞ்சு போச்சு.

அந்தக் கயிற்றின் மறுமுனை
ஓடுகிறவரின் மணிக்கட்டில் இருக்கும்.
ஆள் விழுந்தால் கொளுக்கி கழரும்,
எஞ்சின் நிற்கும்.
செருப்புக்கு மணிக்கட்டு ஏது?
மூன்று மாசம் இந்த மெசின்
ஆர் விழுந்தாலும் தெரியாமல் ஓடியிருக்கு.
எனக்குத் தெரிந்தும்
நான் சோறு தின்றிருக்கிறேன்.

செம்மஞ்சள் ஜக்கெட்டுக்குள்
கழுத்துவரை புதைந்த பிள்ளை
தகப்பனிடம் கேட்கிறது:
‘இன்னும் எத்தனை நிமிசம்?’

ரொஷேன் குனிந்து
தன் வலது செருப்பைக் கழற்றி
என்னிடம் நீட்டுகிறான்.

கத்தி என் பையில்தான் கிடக்கு.