9,214 பைட்

வெள்ளிக்கிழமையோடு விக்கியை மூடுகிறார்கள்.
இணைப்புகளை எல்லாம் இறக்கி வை என்றார்
மிதவைப் பணிமனைத் தலைவி எல்சீரா பாரியா.
மகெல்லன் நீரிணையின் மிதவைகள், விளக்குகள்:
ஆயிரத்து நூற்று முப்பத்தாறு கோப்புகள்.
ஒரு ஸ்கிரிப்ட், ஒரு கெட்டில் வெந்நீர், ஓர் இரவு
போதும் என்று நினைத்தேன்.

புன்ட்டா அரீனாஸின் காற்று,
நடப்பவர் பிடித்துக்கொள்ளத்
தெருமுனையில் கயிறு கட்டவைக்கிற காற்று.
சர்வர் மட்டும் அசையவில்லை.
நானூற்று ஒன்று.
நானூற்று ஒன்று.
நீ யார் என்று கேட்கிறது.
எட்டு வருடமாக இங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.

கடவுச்சொல் இனிச் செல்லாதாம்.
டோக்கன் ஒன்று எடுத்து,
அதன் வாலில் ஒட்டியிருந்த ஒற்றை இடைவெளியைக்
கிள்ளி எறிந்ததும் ஓடத் தொடங்கியது.
இருநூறு. இருநூறு. இருநூறு.
மாத்தே தேநீரை உறிஞ்சியபடி
கெட்டிக்காரத்தனத்தை வேடிக்கை பார்த்தேன்.

இரண்டரை மணிக்குத்தான் கண்ணில் பட்டது:
எல்லாக் கோப்பும் ஒரே எடை.
மிதவை வரைபடம் 9,214 பைட்.
துருப்பிடித்த சங்கிலியின் படம் 9,214 பைட்.
ஒன்றைத் திறந்தேன்.
"உள்நுழைக."
வரைபடமென்று பெயர் சூடிய வாசல்.
ஆயிரத்து நூற்று முப்பத்தாறு தடவை
வாசலையே பெயர்த்துச் சுமந்து வந்திருக்கிறது.
பழைய குருடி, கதவைத் திறடி.

பதிவேட்டை வரிவரியாகப் படித்தேன்.
முதல் சர்வர், இங்கில்லை அங்கே போ என்று
வேறொரு முகவரிக்கு அனுப்புகிறது.
போகிற வழியில் ஸ்கிரிப்ட்
டோக்கனைக் கழற்றி வைத்துவிடுகிறது.
தெரியாத வீட்டில் சாவியை நீட்டக் கூடாதாம்.
பிழையில்லை அது. யாரோ யோசித்துப் பழக்கியது.
திட்டிய வாயை மூடிக்கொண்டேன்.
அந்த வீடும் நம்முடையதுதான்;
பெயரை எழுதி, இவரை நம்பு என்றேன்.
இரண்டே வரி.

அப்புறம் எண்கள் கலைந்தன.
48 கேபி. 3 எம்பி. வெறும் 700 பைட்.
ஒன்றைப் போல் ஒன்றில்லாத அழகு
அதுவரை எனக்குத் தெரியாது.
பனிமூட்டச் சங்கின் பதினொரு வினாடி ஒலி ஒன்று;
ஜன்னலைக் காற்று உலுக்க
இரண்டு தடவை போட்டுக் கேட்டேன்.

மூன்று மட்டும் வரவில்லை.
நானூற்று மூன்று.
முன்னது, நீ யார்?
இது, நீ யாரென்று தெரியும், இருந்தாலும் இல்லை.
நவுவேல் ஓயார்சோவின் தனிப் பக்கம்.
போன மார்ச்சில் என்னிடம்கூடச் சொல்லாமல்
நீரிணை தாண்டிப் போர்வெனீருக்குப் போனவர்.

விடிந்ததும் கூப்பிட்டேன்.
மறுமுனையில் ஆடுகள், ஒரு நாய், இதே காற்று.
என்ன அந்த மூன்று என்றேன்.
நெடுநேரம் யோசித்தார்.
"ராஜினாமாக் கடிதம்."
மூன்றுமா?
"எல்சீராவிடம் போனது நான்காவது."
வேண்டுமா என்றேன்.
நாயை அதட்டிவிட்டு, விடு என்றார்.

அறிக்கையில் எழுதினேன்:
இறக்கியவை 1,133.
மூன்றுக்கு அனுமதியில்லை.